வாடகை பாக்கி: பணம் ஒரு கேள்வி, வீடு இன்னொரு கேள்வி

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் உள்ள நாலறை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகனோடு போய் இருக்கும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு, மாதம் பிறந்ததும் வரும் வாடகைதான் சம்பளம். அது இரண்டு மாதம் வராமல் போனால், மூன்றாவது மாதம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘பூட்டை மாற்றிவிடலாமா?’ என்பதுதான். அந்தத் தவிப்பு நியாயமானது. ஆனாலும் மாற்றக் கூடாது. ஏன் கூடாது, வேறு என்ன செய்யலாம் என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரத்தில் செய்யும் ஒரு காரியம், அதுவரை வீட்டுக்காரர் பக்கம் இருந்த நியாயத்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும்.

ஒப்பந்தக் காலம் முடியும்வரை, அல்லது சட்டப்படி அது முறிக்கப்படும்வரை, அந்த வீட்டில் இருக்கும் உரிமை வாடகைதாரருடையது. பாக்கி வைத்தது அவர் தவறுதான். ஆனால் அந்தத் தவறால் மட்டும் அவருடைய உரிமை தானாக அற்றுப்போவதில்லை. அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றினாலோ, மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தினாலோ, சாமான்களைத் தாழ்வாரத்தில் எடுத்து வைத்தாலோ, பாக்கி கேட்க வேண்டியவரே நஷ்டஈடு கொடுக்க வேண்டியவராகிவிடலாம். மிரட்டும் குறுஞ்செய்திகளும் வாசலில் நின்று போடும் கூச்சலும் 2014ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடும். கடனுக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ள எந்த வீட்டுக்காரருக்கும் உரிமை இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வீடு வாங்கியவர்கள் சிலர், ஊரில் இருப்பதுபோல் இங்கும் வாடகைக்கென்று தனிச் சட்டமும் தனி நீதிமன்றமும் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வாடகை நீதிமன்றங்களை அமைத்தது. சிங்கப்பூரில் அப்படி ஒன்று இல்லை. போருக்குப் பின் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த 1947இல் இங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய கடைவீடுகளில் குடியிருந்தவர்களை எளிதில் அசைக்க முடியாமல் வைத்திருந்தது அதுதான். 2001 ஏப்ரலில் அது நீக்கப்பட்டது. இப்போது இருப்பவை கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் பொதுச் சட்டம், ஆங்காங்கே சில பழைய சட்டங்களின் பிரிவுகள். கொரோனா காலத்தில் 2020இல் வந்த தற்காலிகச் சட்டம் வெளியேற்றத்துக்குத் தடை போட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. அது கடை, அலுவலகம் போன்ற இடங்களின் குத்தகைக்கு வந்தது. குடியிருப்பு வீடுகளுக்கு அல்ல.

ஆகவே முதல் வேலை, அலமாரியில் இருக்கும் ஒப்பந்தத்தை எடுத்துப் படிப்பது. அதற்கு முத்திரை வரி கட்டியாயிற்றா? நான்கு ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 3,000 வெள்ளி வீதம் இரண்டு ஆண்டுக்கு 72,000 வெள்ளி என்றால் வரி 288 வெள்ளி. இங்கே கையெழுத்தானால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். வழக்கமாகக் கட்டுபவர் வாடகைதாரர். ஆனால் கட்டாமல் விட்டால் அடிபடுபவர் வீட்டுக்காரர், ஏனென்றால் முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. அபராதத்தோடு பிறகு கட்டிச் சரிசெய்யலாம் என்றாலும், வழக்குக்கு ஓடும் நாளில் அது வீண் அலைச்சல். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடென்றால் கழகத்தின் அனுமதி பெற்றுத்தான் வாடகைக்கு விட்டீர்களா என்பதையும் பாருங்கள். முழு வீட்டையும் வாடகைக்கு விட நிரந்தரவாசிகளுக்கு அனுமதியே இல்லை. அனுமதியில்லாமல் விட்டவர், பாக்கியைக் கேட்கப் போய்த் தன் வீட்டையே சிக்கலில் மாட்டிவிடலாம்.

பிறகு, ஒப்பந்தத்தில் மீண்டும் உட்புகும் உரிமை பற்றிய விதி இருக்கிறதா என்று தேடுங்கள். வாடகை இத்தனை நாள் தாமதமானால் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை முடித்து வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அது சொல்லும். சொத்து முகவர் மன்றத்தின் மாதிரி ஒப்பந்தத்தை ஒட்டி எழுதியிருந்தால் பெரும்பாலும் இருக்கும். தெரிந்தவர், ஊர்க்காரர் என்று வெறும் வாய்ப்பேச்சில் வீட்டைக் கொடுத்தவர்கள் இந்த இடத்தில்தான் திண்டாடுகிறார்கள்.

இனி மையமான விஷயத்துக்கு வருகிறேன். பாக்கி சேர்ந்த வீட்டுக்காரரின் மனத்தில் இரண்டு ஆசைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, பணம் வேண்டும். மற்றொன்று, ஆள் போக வேண்டும். சட்டம் இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒன்றுக்கான வழி மற்றதைத் தராது. சில சமயம் ஒரு வழியில் கால் வைத்தால் மற்ற வழி அடைபடும். எது முதலில் வேண்டும் என்று தீர்மானிக்காமல் கிளம்பியவர்கள் மாதக்கணக்கில் சுற்றுவதற்குக் காரணம் இதுவே.

பணம் மட்டும் போதும் என்பவருக்கு எளிய இடம் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். இரண்டு ஆண்டுக்கு மேற்போகாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களை அது விசாரிக்கும். வரம்பு 20,000 வெள்ளி. இருதரப்பும் எழுதி ஒப்புக்கொண்டால் 30,000. மாதம் 3,000 வெள்ளி வாடகையில் ஆறு மாதப் பாக்கி 18,000 என்பதால் வரம்புக்குள் அடங்கும். ஏழாவது மாதம் தாண்டிவிடும். மிச்சத்தைக் கைவிட்டு வரம்புக்குள் வரலாம், ஆனால் ஒரே பாக்கியை இரண்டாகப் பிரித்து இரண்டு கோரிக்கையாகப் போட முடியாது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை, நீங்களே பேச வேண்டும். தமிழில் பேசுகிறவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கட்டணம் 10 வெள்ளியில் தொடங்குகிறது. வீவக வீடுகளைச் சிங்கப்பூரர், மலேசியர்களுக்கு மூன்று ஆண்டு வரை வாடகைக்கு விடலாம். அப்படி ஒரேயடியாக மூன்று ஆண்டுக்குக் கையெழுத்திட்டவருக்கு இந்த வாசல் மூடிவிடும் என்பதை முன்கூட்டி யாரும் சொல்வதில்லை. இன்னொன்று: இந்த மன்றம் பாக்கியைக் கட்டச் சொல்லும், வீட்டைக் காலி செய்யச் சொல்லாது.

பணத்துக்கு இன்னொரு வழி, 1934ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டம். வாடகைதாரருக்கு முன்னறிவிப்பில்லாமலே நீதிமன்றத்தில் மனுச் செய்து, கடந்த 12 மாதம் வரையிலான பாக்கிக்காக, வாடகை இடத்தில் உள்ள பொருள்களை நீதிமன்ற அமலாக்க அதிகாரியான ஷெரிஃப் வழியாகப் பறிமுதல் செய்ய உத்தரவு பெறலாம். ஐந்து நாளுக்குள் பணம் கட்டாமலும் நீதிமன்றத்தை நாடாமலும் இருந்தால் பொருள்கள் ஏலத்துக்குப் போகும். சிராங்கூன் சாலையில் சரக்கு நிறைந்த கடைக்கு இது வலுவான ஆயுதம். ஆங் மோ கியோவில், கட்டில் முதல் குளிர்பதனப் பெட்டி வரை வீட்டுக்காரரே வாங்கிப் போட்டிருக்கும் வீட்டில், எதைப் பறிமுதல் செய்வது? உடுதுணியையும் படுக்கையையும் சட்டமே விலக்கி வைக்கிறது. அதைவிட முக்கியமாக, இந்த வழி ஒப்பந்தத்தை முறிக்கும் வழியோடு ஒத்துப்போகாது. இதைக் கையிலெடுப்பவர் ‘ஒப்பந்தம் தொடர்கிறது’ என்று ஒத்துக்கொள்கிறார். ஒரு கையால் முறித்துவிட்டு மறு கையால் பறிமுதல் கேட்க முடியாது.

ஆள் போக வேண்டும் என்பதுதான் தீர்மானம் என்றால், ஒப்பந்தத்தை முறித்து, வீட்டின் வசத்தைக் கேட்டு அரசு நீதிமன்றங்களில் வழக்குப் போட வேண்டும். இதற்கு வழக்கறிஞரை வைத்துக்கொள்வது நல்லது. முதலில் பாக்கியைக் கணக்கிட்டு, கெடு வைத்து ஒரு கடிதம் போகும். அதற்குப் பதிலில்லையென்றால் வழக்கு. பாக்கித் தொகையையும் அதே வழக்கில் கேட்கலாம். கோரிக்கை விவரம் கையில் கிடைத்த 14 நாளுக்குள் எதிர்க்கப்போவதாக வாடகைதாரர் தெரிவிக்காவிட்டால், விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கேட்கலாம். தீர்ப்புக்குப் பிறகும் அவர் நகராவிட்டால், அமலாக்க உத்தரவோடு வந்து வீட்டை ஒப்படைப்பவர் ஷெரிஃப். கதவைத் திறக்க வைக்கும் அதிகாரம் அவருடையது.

இந்த வழியில் வீட்டுக்காரர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முறிக்கும் உரிமை வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, அடுத்த மாத வாடகையை வாங்கிக்கொண்டால், பழைய தவறை மன்னித்து ஒப்பந்தத்தைத் தொடர ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளலாம். ஜனவரி முதல் மார்ச் வரை பாக்கி, ஏப்ரல் வாடகை மட்டும் பேநவ் மின்பரிமாற்றம் வழியாகத் திடீரென்று வந்து விழுகிறது. வந்த பணத்தை ஏன் விடுவது என்று பேசாமல் வைத்துக்கொள்ள மனம் சொல்லும். முறிப்பது என்று முடிவெடுத்திருந்தால், அன்றே வழக்கறிஞரைக் கேளுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சொத்துரிமை மாற்றம் பற்றிய 1886ஆம் ஆண்டுச் சட்டம், வாடகை பாக்கிக்காக வீட்டைத் திரும்பக் கேட்கும் உரிமையைப் பணத்துக்கான பிணையாகத்தான் பார்க்கிறது. விசாரணை நாளுக்கு முழுதாக ஐந்து நாள் முன்பே பாக்கி முழுவதையும் செலவுத்தொகையையும் வாடகைதாரர் கட்டிவிட்டால் வழக்கு அத்தோடு நிற்கும். உத்தரவு வந்த பிறகும் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் கிடைக்கும். அதற்குள் கட்டினாலும் அவர் இருக்கலாம். வேலை போய், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, கையில் பணமில்லாமல் நிற்கும் குடும்பத்துக்கு இது மூச்சுவிடும் நேரம். அதை வீட்டுக்காரருக்கு இழைத்த அநீதி என்று நான் கருதவில்லை. பாக்கி முழுவதும் கைக்கு வந்துவிட்டால், வீட்டுக்காரர் இழந்தது என்ன?

ஒப்பந்தம் முடிந்த பிறகும் அசையாமல் இருப்பவர் நிலை வேறு. 1909ஆம் ஆண்டின் குடிமையியல் சட்டப்படி, வீட்டை ஒப்படைக்கும் நாள்வரை இரட்டை வாடகை கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. 3,000 வெள்ளி அன்று முதல் 6,000 ஆகும் என்று கடிதத்தில் எழுதினாலே பலர் பேச முன்வருவார்கள்.

தன் வீட்டிலேயே குடியிருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடுபவருக்கு இவற்றில் பல பொருந்தாது. அந்த அறையில் இருப்பவர் பெரும்பாலும் குத்தகை உரிமை இல்லாத, அனுமதியின் பேரில் தங்கியிருப்பவராகவே கருதப்படுவார். ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்பைக் கொடுத்து அனுமதியை முடித்துக்கொள்ளலாம். டிஸ்ட்ரெஸ் வழி அந்த வீட்டுக்காரருக்கு இல்லை.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத வாடகை முன்பணமாக வாங்குவது வழக்கம். அப்படியென்றால் இரண்டாவது மாதம் பாக்கி விழும்போதே கையில் இருந்த பாதுகாப்பு தீர்ந்துவிடுகிறது. சுவர், கழிவறை, குளிர்சாதனப் பழுதுக்கு அதில் எதுவும் மிஞ்சாது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தேன் என்பவர்களின் பெருந்தன்மை மதிக்கத்தக்கது. ஆனால் முதல் மாதமே பேசுவதும், இரண்டாவது மாதம் எழுத்தில் கேட்பதும் இருவருக்குமே நல்லது. மூவாயிரத்தைத் தவணையில் அடைக்க முடிந்தவருக்குப் பதினெட்டாயிரத்தை அடைக்க வழியிருக்காது.

பேச்சில் முடிகிற விவகாரங்களை எழுத்தில் முடியுங்கள். இந்தத் தேதியில் காலி செய்வார், சாவிகளையும் நுழைவு அட்டையையும் ஒப்படைப்பார், முன்பணம் இவ்வளவு பாக்கிக்குக் கழியும், மிச்சம் இத்தனை தவணையில் வரும் என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திட்டால், வழக்குச் செலவும் மாதங்களும் மிஞ்சும். தவணைப் பணம் ஏஜெண்டு கைக்குப் போகக் கூடாது. வீவக வீட்டு வாடகைப் பணத்தை முகவர்கள் கையாள விதி இடம் தரவில்லை. வாடகைதாரர் விட்டுச்சென்ற சாமான்களை உடனே விற்றுவிடாதீர்கள். படம் எடுத்து, பட்டியல் போட்டு, வந்து எடுத்துக்கொள்ள எழுத்தில் கெடு கொடுங்கள். வாடகை முடிந்ததைக் கழகத்துக்குத் தெரிவித்துவிட்டு, அதன் பிறகு அடுத்த குடும்பத்தைப் பாருங்கள்.