எழுபது வெள்ளம்

டீக்கடை டிவியில் இந்த வாரம் ஓடிய ஒரு வரிச் செய்தி எனக்கு எரிச்சல் மூட்டியது. கொலம்பியாவின் பட்ஜெட் ஐந்நூறு பில்லியன் பேசோவுக்கு மேலாம். 'அதாவது 50 ஆயிரம் கோடி' என்று விளக்கம் வேறு! அந்த நாட்டுக்காரர்கள் சொன்னது 'பில்யோன்'. ஸ்பானிய மொழியில் மில் என்றால் ஆயிரம், மில்யோன் பத்து லட்சம். நாம் பில்லியன் என்கிற நூறு கோடியை அவர்கள் 'மில் மில்யோனெஸ்', ஆயிரம் மில்லியன் என்பார்கள். பில்யோன் என்றால் லட்சம் கோடி. ஆக, ஒரு நாட்டின் பட்ஜெட்டையே ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டார்கள்.

பிரிட்டனிலும் பில்லியனுக்கு அந்தப் பொருள்தான் இருந்தது. 1974-ல் பிரதமர் வில்சனின் அரசு, பில்லியன் என்றால் நூறு கோடி என்கிற அமெரிக்கக் கணக்குக்கு மாறியது. ஸ்பானிய அகாதமி 1995-ல் நூறு கோடிக்கென்றே 'மில்யார்தோ'வை ஏற்றுக்கொண்டது. எந்த ஊர்த் தொகையானாலும் சரிபார்த்து லட்சத்திலும் கோடியிலும் சொல்லுங்கள் என்று இந்தப் பத்தியில் நான் மன்றாடுவது வாசகர்களுக்குப் புதிதல்ல.

டீக்கடை இருப்பது முடிச்சூர் சாலையில். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதிலிருந்து மேற்குத் தாம்பரத்தில் வெள்ளம் என்றாலே அந்த வருஷம்தான். தமிழில் வெள்ளம் ஓர் எண்ணும்கூட. பரிபாடலின் திருமால் பாட்டொன்று ஊழிகளின் கணக்கை நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று அடுக்குகிறது. முதல் மூன்றும் நீர்ப்பூக்கள். பூக்களையே நம்மில் பலருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. எண்களை எங்கே பிரிப்பது?

கம்பனின் வானர சேனை எழுபது வெள்ளம். எனக்கு அலுக்காத பக்கம் அந்த எண்ணுக்கான உரைதான். ஓர் அக்குரோணிக்கு 21,870 யானை, அதே அளவு தேர், 65,610 குதிரை, 1,09,350 காலாள், கூட்டினால் 2,18,700. எட்டு அக்குரோணி ஓர் ஏகம், எட்டு ஏகம் ஒரு கோடி. அப்படியே எட்டெட்டாகச் சங்கம், விந்தம், குமுதம், பதுமம், நாடு, சமுத்திரம், கடைசியில் வெள்ளம். இந்தப் படைக்கணக்கில் கோடி என்பது நூறு லட்சம் அல்ல, 1,39,96,800. பில்லியனுக்கு நேர்ந்தது கோடிக்கும் நேர்ந்திருக்கிறது! ஆனால் நம் உரைகாரர்கள் வாய்பாட்டையும் கூடவே எழுதி வைத்தார்கள். படிக்கிறவன் ஏமாற வழியில்லை. அந்தப் பொறுப்புணர்ச்சிக்காகவே அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

ஒரு வெள்ளத்துக்கு 13,42,17,728 அக்குரோணி. அதை 2,18,700-ஆல் பெருக்கி, பிறகு எழுபதால் பெருக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். கடைக் கால்குலேட்டரில் இடம் போதாது. தாளில்தான் போட வேண்டும்.