நீர்த்தொட்டியிற் பிறந்த நூல்நிலையம்

பெருநகரங்களைப் பார்த்து வருபவர்கள் பெரும்பாலும் உயரத்தையே அளந்து வருகிறார்கள். எத்தனை மாடி, எத்தனை அடி, எத்தனை விளக்கு என்பனவே அவர்கள் கொண்டுவரும் செய்திகள். சென்ற ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே ஒரு கிழமை தங்க நேர்ந்தபோது நானும் அந்த அளவுகோலையே கொண்டு சென்றேன். திரும்பும்போது அதனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்குக் காரணம் வானளாவிய மாடம் எதுவுமன்று. ஒரு பழைய நீர்த்தொட்டியின் கதை.

1871ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி இரவு மூண்ட தீ, சிக்காகோவின் நடுப்பகுதியைச் சாம்பலாக்கிற்று. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். ஒரு இலட்சம் பேர் வீடிழந்தனர். இச்செய்தி கேட்டு இங்கிலாந்து மக்கள் ஏறத்தாழ 8,000 நூல்களைத் திரட்டி அனுப்பினர். விக்டோரியா அரசியாரும், தெனிசன், டார்வின் போன்றோரும் அதிற் பங்கு கொண்டனர். வியப்பு யாதெனில், எல்லோருக்கும் உரிய இலவசப் பொது நூல்நிலையம் அந்நகரில் அதற்குமுன் இருந்ததேயில்லை. வந்த நூல்களுக்கு இடந்தேடியே ஒன்று பிறந்தது. கைவிடப்பட்டுக் கிடந்த இரும்பு நீர்த்தொட்டி ஒன்றினுள்ளே தட்டுகள் அமைத்து, 1873 சனவரி 1ஆந் திகதி அதனைத் திறந்தார்கள்.

அத்தொட்டி இருந்த இடத்தில் இன்று நிற்பது "றூக்கரி" என்னும் மாளிகை. பேண்ஹாம், றூட் என்னும் கட்டிடக்கலைஞர் இருவர் 1888இற் கட்டி முடித்தது. வெளியே பார்த்தால் கல்லும் செங்கல்லுமாக ஒரு கோட்டை. உள்ளே சென்றால் கண்ணாடிக் கூரையின் கீழ் ஒளி நிறைந்த முற்றம். 1905இல் பிராங் லொயிட் றைட் அதனை வெண்பளிங்கும் பொன்வேலையும் இட்டுப் புதுக்கினார். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்த எனக்கு அவ்விடம் அந்நியமாகத் தோன்றவில்லை. கட்டிடத்தின் நடுவே வெளிச்சத்துக்கு இடம்விடும் எண்ணத்தை நம் தச்சரும் கொத்தரும் அறிந்தேயிருந்தனர்.

நூல்நிலையமோ வளர்ந்து, 1897இல் மிச்சிகன் வீதியிலே தனக்கென ஒரு மாளிகை பெற்றது. அதன் மண்டபமொன்றின் மேலே 38 அடி குறுக்களவில் டிபனியின் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம் அமைந்துள்ளது. சுவர்களிலே அரபு, சீனம், எபிரேயம், கிரேக்கம் முதலிய மொழிகளில் அறிஞர் வாக்குகளைப் பதித்துள்ளனர். 1970களின் தொடக்கத்தில் இதனையும் இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. நகரபிதாவின் மனைவியாரே அதனைக் காக்கவேண்டுமென்று வெளிப்படையாகக் கூறினார். இன்று அது பண்பாட்டு நிலையம். உள்ளே செல்லக் கட்டணமில்லை. நான் சென்ற அன்று அந்தக் குவிமாடத்தின் கீழே கிழிந்த மேலங்கி அணிந்த முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவரை எழுப்புவார் எவருமில்லை. குவிமாடத்தினும் அக்காட்சியே என்னை நெடுநேரம் நிறுத்தியது.

அவ்வீதியிலேயே சிறிது தெற்கே சென்றால், 1894 முதல் காவல் நிற்கும் இரு வெண்கலச் சிங்கங்கள் வரவேற்கின்றன. சிக்காகோக் கலைநிறுவனம் அதுவே. 1893இல் விவேகானந்தர் உலகறியப் பேசிய சர்வமத மகாநாடு நடந்தது இங்கேதான். நம் நாட்டு அநகாரிக தர்மபாலரும் அம்மேடையில் ஏறியவர். 1897இல் விவேகானந்தர் கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியிலே உரையாற்றினார் என்பதை நினைத்தபோது, அப்படிகள் எனக்கு அயலார் வாசலாகத் தோன்றவில்லை.

உள்ளே றெனுவார் தீட்டிய சர்க்கஸ் சிறுமியர் இருவர், ஒருத்தி தோடம்பழங்களை ஏந்தியபடி, நிற்கின்றனர். அவ்வோவியம் முன்னர் பேர்தா பாமர் என்னும் செல்வச் சீமாட்டியின் உடைமை. அவர் குடும்பம் நகரின் வடபால், ஏரிக்கரையின் சதுப்பு நிலத்திலே கோட்டை போன்ற மாளிகை எழுப்பிற்று. பின்னால் செல்வர்கள் திரண்டு சென்று குடியேற, அப்பகுதி "பொற்கரை" எனப் பெயர் பெற்றது. மறுநாள் அங்கே அஸ்டர் வீதியில் நடந்தேன். சலிவனும் அட்லரும், அவர்களிடம் தொழில் பயின்ற இளைஞர் றைட்டும் உருவாக்கிய சாண்லி இல்லம் 1892இற் கட்டியபடி அடக்கமான அழகோடு நிற்கிறது. பாமர் மாளிகையைத்தான் காணவில்லை. அதனை 1950இல் இடித்துவிட்டனர். குடும்பத்துக்கென எழுப்பிய கோட்டை மறைந்தது. 1922இல் பொதுமக்களுக்கென வந்துசேர்ந்த ஓவியம் நிலைத்தது.

ஆயினும் பொதுவுடைமை என்ற பெயரே ஒன்றைக் காத்துவிடாது. அதற்குக் காவலரும் வேண்டும். ஏரிக்கரைத் திடலிற் கட்டிடம் எழக்கூடாதென்பது 1836ஆம் ஆண்டின் நிலப்படத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. எனினும் மொன்ற்கொமெரி வார்ட் என்னும் வணிகர் 1890 முதல் 1911 வரை வழக்காடியே அதனை மெய்யாக்கினார். அவ்வாறே, சலிவனும் அட்லரும் 1894இற் கட்டிய பங்குச்சந்தை மாளிகை 1972இல் இடிபட்டபோது, அதன் வேலைப்பாடுகளை மீட்கச் சென்ற புகைப்படக் கலைஞர் ரிச்சார்ட் நிக்கல் இடிபாட்டினுள்ளே உயிரிழந்தார். அவர் போன்றோர் பெயர்த்தெடுத்த துண்டுகளைக் கொண்டே அம்மாளிகையின் வணிக மண்டபம் கலைநிறுவனத்தினுள் மீண்டும் உருவாயிற்று. பொன்னும் பச்சையுமாய் ஒளிரும் அந்த மண்டபத்தில் நின்றபோது, வாய்விட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இவற்றையெல்லாம் பார்த்து நின்ற நான் நினைத்தது நம் ஊரைத்தான். 1959இல் திறந்துவைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம், 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. சிக்காகோவின் தீ மூண்ட காரணம் இன்றுவரை துலங்கவில்லை. நம் நூல்நிலையத்துக்குத் தீயிட்டவை மனிதர் கைகள். குவிமாடத்தோடு அது மீண்டும் எழுந்து நிற்பது ஆறுதலே. ஆனால், படியெடுத்து வையாத ஓலைச்சுவடிகளை எந்தக் கொத்தரும் மீளக் கட்டித்தர முடியாது.

தீயிற் போனவற்றுக்கு நாம் அழுதோம், அது தகும். நம் கையாலேயே போகின்றவற்றுக்கு அழுவோர் யார்? போரிலே தப்பிய நாற்சார் வீடுகளைச் சொந்தக்காரரே இடிக்கின்றனர். செதுக்கிய கதவுகளும் தூண்களும் பழம்பொருள் வணிகரிடம் விலைபோகின்றன. தட்டையான சீமெந்துக் கூரையை நாகரிகம் என்கிறோம். வசதியை நாடுவோரை நான் குறைகூறவில்லை. மழையில் ஒழுகும் வீட்டில் இருந்துகொண்டு கலையைக் காக்குமாறு எவரையும் கேட்டல் நியாயமன்று. ஆனால், இடிப்பதற்குமுன் அளந்து, வரைந்து, படம்பிடித்து வைத்தற்குச் செலவு மிகுதியில்லை.

ஆசிரியர்களை நான் வேண்டுவது இது. உங்கள் பாடசாலைக்கு அண்மையில் உள்ள பழைய கட்டிடம் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். வீடாகவோ மடமாகவோ கோவிலாகவோ வாசிகசாலையாகவோ இருக்கட்டும். மாணவரை ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துச் சென்று முற்றத்தை அளக்கவும், தூணை வரையவும், கட்டிய தச்சரின் பெயரை முதியோரிடம் கேட்டு எழுதவும் செய்யுங்கள். அந்த ஏட்டைப் பாடசாலை நூல்நிலையத்தில் வையுங்கள். பிரதியொன்றை வேறோர் ஊருக்கும் அனுப்புங்கள். நூல்நிலையம் இல்லையென்றால், சிக்காகோ மக்கள் தொடங்கியதும் ஒரு நீர்த்தொட்டியிலேதான்.