பந்தல் பாழான ஆண்டில் நன்றி



கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நான் அறிவேன். கவாத்துச் செய்து, மருந்தடித்து, நான்கு திங்கள் காத்திருந்தார்கள். பழம் வெட்டும் நாள் நெருங்கிய வேளையில் பருவம் தப்பிய மழை பெய்தது. பந்தலில் தொங்கிய பழங்கள் வெடித்து அழுகின. வாங்க வந்த வியாபாரி பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அடுத்த ஞாயிறன்று வீட்டுத் தலைவி, அறுவடை முடிந்ததும் ஆண்டுதோறும் செலுத்தும் நன்றிக் காணிக்கையை எடுத்து வைத்தார். கணவர் கேட்டார்: "எதற்கு நன்றி? வாங்கிய கடனுக்கா?" அம்மையார் விடை கூறவில்லை.

அக்கேள்வியை நம்பிக்கையற்றவரின் கேள்வி என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. நம்மில் பலர் கேட்க அஞ்சி உள்ளத்தில் புதைத்து வைத்திருப்பதை அவர் வாய்விட்டுக் கேட்டார். துன்பத்தில் நன்றி கூறுவதென்றால், நேர்ந்த தீமையை நன்மை என்று நடிப்பதா?

இதற்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தை மாதத்தில் இப்பள்ளத்தாக்கின் உழவர்கள் செய்வதைப் பார்த்தாலே போதும். சனவரி 15ஆம் நாள் அவர்கள் பொங்கலிட்டு, 1841இல் அதே நாளில் பிறந்த பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கை நினைவுகூருகின்றனர். தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்களும் உண்டு. 2013ஆம் ஆண்டு முதல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் நிற்கிறது.

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் பழைய எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. 1887இல் முல்லைப் பெரியாற்று அணையின் வேலை தொடங்கியது. கட்டியதை வெள்ளம் அடித்துச் சென்றது, மீண்டும் கட்டினர். காய்ச்சலும் காலராவும் தொழிலாளர் பலரைப் பலிகொண்டன. 1895 அக்டோபர் 10ஆம் நாள் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வரும் அந்நீர்தான் இன்றும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல்வயல்களை வாழ்விக்கின்றது.

அணையில் நீர் குறைந்து, நடவு தள்ளிப்போன ஆண்டுகளும் உண்டு. அதற்காக உழவர்கள் தைப் பொங்கலை நிறுத்திவிடவில்லை. அவர்களது நன்றி அவ்வாண்டு விளைந்த மூட்டைகளை எண்ணிப் பிறப்பதன்று. தங்களைத் தாங்கி நிற்கும் பழைய கொடையை நினைந்து பிறப்பது. நன்றி என்பது முதலில் மறவாமையே.

நம் மறையின் நடுவிலும் இவ்வுண்மையே உள்ளது. நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் பொருளே நன்றி கூறுதல் என்பதாகும். நம் ஆண்டவர் அப்பத்தைக் கையில் எடுத்து நன்றி கூறியது எந்த இரவில்? தம்மைக் காட்டிக் கொடுப்பவன் அதே பந்தியில் அமர்ந்திருந்த இரவில் அன்றோ? ஒரு சில நாழிகைக்குப்பின் ஒலிவ மலையில் அவரே மனம் கலங்கி, அத்துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டுமென்று மன்றாடினார். காலையில் நன்றி, மாலையில் கண்ணீர் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. இரண்டையும் ஒரே இரவில் தந்தையிடம் எடுத்துச் சென்றார். ஆகவே நன்றி கூறுகிறவன் அழக்கூடாது என்று எவரும் சொல்ல வேண்டாம். துயருற்றவரிடம் சென்று "நன்றி கூறு" என்று கட்டளையிடுவதும் அன்பாகாது. முதலில் அவரருகில் அமர்வோம்.

இன்னொன்றும் உண்டு. அணை கட்டி மாண்ட தொழிலாளருள் பெரும்பாலோர் பெயரை நாம் அறியோம். பெயர் தெரிந்தவரை மட்டும் போற்றி, பெயரறியாதவரை மறந்தால் நம் நன்றி அரைகுறையாகும். இன்று நம் பந்தலில் கொத்து வெட்டுகிறவர், வயலில் நாற்று நடுகிறவர் ஆகியோரின் கூலியைக் குறைத்துவிட்டுப் பீடத்தில் வைக்கும் காணிக்கை இறைவனுக்கு ஏற்புடையதாகுமா?

அந்த அம்மையாரும் இதை உணர்ந்திருந்தார். வெட்டு வேலையை நம்பியிருந்து ஏமாந்த இரு பெண்களிடம் காணிக்கையில் பாதியை முன்கூலியாகக் கொடுத்தார். மீதியைக் கோவிலுக்கு எடுத்துச் சென்றார். அன்றிரவு கணவரிடம் கூறினார்: "பழம்தான் போயிற்று, கொடியின் வேர் சாகவில்லை. நீங்களும் என் பக்கத்தில் இருக்கிறீர்கள். அதற்குத்தான் நன்றி." கணவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறு ஞாயிறன்று திருப்பலிக்கு உடன் வந்தார். கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை. அடுத்த கவாத்து முடிந்துவிட்டது.

இம்மாதத் தீர்மானம்: இரவுச் செபத்தின்போது வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அன்றைய வருத்தம் ஒன்றையும் நன்றி ஒன்றையும் வாய்விட்டுச் சொல்வோம். வருத்தத்தை மறைக்காமல் முதலில் சொல்வோம். நன்றியை மறவாமல் பின்னர்ச் சொல்வோம். இரண்டையும் ஆண்டவர் கேட்பார்.