எழுதினால் உரிமை, படமெடுத்தால் அனுமதியா?

நாடாளுமன்றத்தின் பத்திரிகையாளர் மாடத்துக்குச் செல்லும் செய்தியாளரிடம் பேனாவும் குறிப்பேடும் இருக்கலாம். கேமரா இருக்கக் கூடாது. அவையின் கண்ணியம் கருதி ஏற்பட்ட இந்த விதியை யாரும் பெரிதாக ஆட்சேபிப்பதில்லை. இக்கட்டுரையாளரும் ஆட்சேபித்ததில்லை. ஆனால், எழுத்தைப் பொறுத்துக்கொள்வதும் படத்தைக் கண்டு மிரள்வதுமான இந்த மனப்பான்மை மாடத்தின் வாசலோடு நின்றுவிடவில்லை. நாட்டின் சட்டமாகவே அது இருந்து வருகிறது என்பதுதான் கவலைக்குரியது.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. மறுநாளே அதை ஆதரித்தும் எதிர்த்தும் பத்திரிகைகள் தலையங்கம் தீட்டின. எதிர்ப்புத் தெரிவித்து அருந்ததி ராய் எழுதிய நீண்ட கட்டுரை, சில மாதங்களிலேயே இரண்டு ஆங்கில இதழ்களில் வெளியானது. அதன் வாதத்தை ஏற்காதவர்கள் ஏராளம். ஆனால், அக்கட்டுரையை அச்சிடும் முன்பு எந்த அதிகாரியிடமும் எவரும் கொண்டுபோய்க் காட்டவில்லை; காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

அதே கருத்தை ஆவணப்படமாக எடுத்தார் ஆனந்த் பட்வர்தன். "போரும் அமைதியும்' என்ற பொருள்படும் தலைப்பில் 2002-ல் அப்படம் வெளிவந்தபோது, தணிக்கை வாரியம் 21 இடங்களில் கத்தரி போடச் சொன்னது. பிரதமர் உள்ளிட்ட அரசியல் தலைவர்கள் பேசும் காட்சிகளை முழுவதும் நீக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தலைவர்கள் பொதுமேடையில் பேசியதைச் செய்தியாளர்கள் எழுதலாம், வாசகர்கள் படிக்கலாம். அவர்கள் பேசுவதையே திரையில் காட்டினால் குற்றம்! மும்பை உயர் நீதிமன்றம் தலையிட்டு, வெட்டு எதுவும் இல்லாமல் படத்தைத் திரையிடலாம் என்று 2003-ல் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது உண்மைதான். ஆனால், கருத்துப் போரில் காலம் கடந்து கிடைக்கும் வெற்றியின் மதிப்பென்ன என்பது தேர்தல் நேரத்தில் பத்திரிகை நடத்தியவர்களுக்குத் தெரியும்.

இந்த வேறுபாடு எப்படி வந்தது? குடியரசு மலர்ந்த சில மாதங்களில், 1950 மே 26 அன்று, உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரு தீர்ப்புகளை வழங்கியது. தில்லியிலிருந்து வெளிவந்த "ஆர்கனைசர்' வார இதழ் குறிப்பிட்ட சில செய்திகளை அச்சிடும் முன்பு அதிகாரிகளின் பார்வைக்கு அனுப்ப வேண்டும் என்ற உத்தரவு ஒரு வழக்கில் ரத்தானது. ரொமேஷ் தாப்பரின் "கிராஸ் ரோட்ஸ்' இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்ற உத்தரவு மற்றொரு வழக்கில் ரத்தானது. முன்னது வலதுசாரி இதழ், பின்னது இடதுசாரி இதழ். கருத்து எதுவாயினும் அதை அச்சேறும் முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்ற நிலைப்பாடு, இரு தரப்புக்கும் சமமாகப் பயன்பட்டது. அடுத்த ஆண்டே அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமைக்குப் புதிய வரம்புகளை விதித்தது என்பது வேறு கதை.

திரைப்படத்துக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. எழுத்தாளரும் இயக்குநருமான கே.ஏ. அப்பாஸ், கல்கத்தா, பம்பாய், சென்னை, தில்லி ஆகிய நான்கு நகரங்களின் செழிப்பையும் வறுமையையும் ஒப்பிட்டு, 16 நிமிடம் ஓடக்கூடிய ஒரு குறும்படம் எடுத்தார். அதில் பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சிகள் தணிக்கையாளர்களின் கண்ணை உறுத்தின. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும், வெட்டில்லாமலேயே "யு' சான்றிதழ் தருகிறோம் என்று மத்திய அரசு இறங்கி வந்தது. அப்பாஸ் அதோடு திருப்தியடைந்து வீடு திரும்பியிருக்கலாம். அவரோ, முன்தணிக்கையே செல்லுமா என்ற கேள்விக்குத்தான் விடை வேண்டும் என்றார். 1970-ல் தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா தலைமையிலான அமர்வு அளித்த விடை அவருக்குச் சாதகமாக இல்லை. கண்ணையும் காதையும் ஒருசேர ஈர்ப்பதால் திரைப்படம் மற்ற கலைகளைவிட உணர்ச்சிகளை ஆழமாகக் கிளறுகிறது, ஆகவே அதற்கு முன்தணிக்கை நியாயமே என்பது அத்தீர்ப்பின் சாரம். இன்றளவும் 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் இந்தத் தூணில்தான் சாய்ந்து நிற்கிறது.

இனி, தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான வழக்குக்கு வருவோம். கட்டுரையாளருக்கே சங்கடமான வழக்கும் இதுதான்.

1987-ல் "ஒரே ஒரு கிராமத்திலே' என்றொரு படம் தயாரானது. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, கருப்பாயி என்ற பெயரில் தாழ்த்தப்பட்ட வகுப்பினராகச் சான்றிதழ் பெற்று அரசுப் பணிக்கு வரும் ஒரு பெண்ணின் கதை. சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் குறைகூறி, பொருளாதார அளவுகோல் வேண்டும் என்று வாதிடும் படம் அது. முதலில் மறுத்த தணிக்கைக் குழு, மறுபரிசீலனைக்குப் பிறகு "யு' சான்றிதழ் வழங்கியது. படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால், சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. தயாரிப்பாளர் எஸ். ரங்கராஜன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அங்கு தமிழக அரசும் படத்துக்கு எதிராகவே நின்றது. படம் வெளியானால் மாநிலத்தில் கொந்தளிப்பு ஏற்படும் என்று அதன் தரப்பில் கூறப்பட்டது.

இடஒதுக்கீட்டை ஆதரிப்பவன் என்ற முறையில், அப்படத்தின் வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. நூற்றாண்டுகளாகக் கல்வி மறுக்கப்பட்டவர்களுக்கான பரிகாரத்தை, ஒரு போலிச் சான்றிதழின் கதையைக் கொண்டு எடைபோடுவது நேர்மையும் அல்ல. படத்தை எதிர்த்துக் குரல் கொடுத்த தாழ்த்தப்பட்டோர் அமைப்புகளின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆயினும், 1989 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு சரியானது என்றே சொல்வேன். தேசிய விருது பெற்ற படத்துக்கு மாநில அரசு காட்டும் எதிர்ப்பு நகைப்பையும் கவலையையும் ஒருங்கே தருகிறது என்று நீதிபதிகள் குறிப்பிட்டனர். ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து கருத்துரிமையைப் பறிக்க முடியாது; எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க இயலவில்லை என்று அரசு கைவிரிக்கவும் முடியாது என்று தெளிவுபடுத்தினர். கருத்துக்கும் கலவரத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறியைப்போல நேரடியானதாக இருக்க வேண்டும் என்ற அளவுகோல் இத்தீர்ப்பின் கொடை. பின்னாளில் எத்தனையோ படங்களுக்கும் நூல்களுக்கும் கேடயமாக அமைந்ததும் அதுவே.

இடஒதுக்கீட்டை எதிர்த்து அந்நாளில் எழுதப்பட்ட கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றுக்குப் பதில் எழுதியவர்கள் பதில் எழுதினார்கள்; வாதம் கூர்மையடைந்தது. ஒரு படத்துக்குப் பதில் இன்னொரு படமாக இருந்திருக்க வேண்டும். அத்தீர்ப்பிலும் ஒரு குறை உண்டு: இவ்வளவு சொன்ன நீதிபதிகள், திரைப்படத்துக்கு முன்தணிக்கை தேவை என்ற 1970-ஆம் ஆண்டுக் கருத்தைக் கைவிடவில்லை.

படத்துக்கு அஞ்சும் போக்கு எந்த ஒரு கட்சிக்கும் தனியுரிமையானதல்ல. 2014 பிப்ரவரி 18 அன்று மக்களவையில் தெலங்கானா மசோதா நிறைவேறியபோது, நேரடி ஒளிபரப்பு நின்றுபோனது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் தரப்பட்டது. மாடத்திலிருந்தவர்கள் பார்த்ததை எழுதினர். ஒரு மாநிலம் பிரிக்கப்படுவதை நாட்டு மக்கள் பார்க்கவில்லை. ஆட்சி மாறியது. 2015 மார்ச்சில், தில்லியில் 2012-ல் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை பற்றிய பி.பி.சி. ஆவணப்படம் தடை செய்யப்பட்டது. குற்றவாளி ஒருவன் சிறையிலிருந்து கூறிய அருவருக்கத்தக்க சொற்கள் அதற்கு முன்பே நாளிதழ்களில் அச்சாகியிருந்தன. அச்சொற்களைப் படிக்கலாம், திரையில் கேட்கக் கூடாது! மாநிலங்களவையில் பலரும் தடையை ஆதரித்துப் பேசிய அன்று, ஜாவேத் அக்தரும் அனு ஆகாவும் மட்டும் வேறு குரலில் பேசினர். தடை செய்வதால் ஆண்களின் மனப்பான்மை மாறிவிடாது என்ற அவர்களது வாதத்துக்கு அவையில் பதில் எழவில்லை. 2023 ஜனவரியில் பிரதமர் மோடி குறித்த பி.பி.சி. ஆவணப்படத்தின் இணைப்புகளை, தகவல் தொழில்நுட்ப விதிகளின் அவசரகால அதிகாரத்தைப் பயன்படுத்தி முடக்கச் செய்தது மத்திய அரசு.

மறுதரப்பின் வாதம் அலட்சியப்படுத்தத்தக்கது அல்ல. விடியோ பொய் சொல்லும். அதுவும் எழுத்தைவிட நம்பும்படியாகச் சொல்லும். 2013-ல் முசாபர்நகர் கலவரத்தின்போது, உள்ளூரில் இருவர் அடித்துக் கொல்லப்படும் காட்சி என்று ஒரு விடியோ பரப்பப்பட்டது. உண்மையில் அது 2010-ல் பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் நடந்த கொலை. அதைப் பார்த்துக் கொதித்தவர்கள் பலர். செயற்கை நுண்ணறிவின் துணையோடு, பேசாதவரைப் பேசவைக்கவும் இன்று முடிகிறது.

ஆனால், முசாபர்நகர் விடியோவைப் பரப்பியவர்கள் தணிக்கை வாரியத்தின் கதவைத் தட்டினார்களா? பெயரைப் போட்டு, பொறுப்பேற்று, விண்ணப்பம் எழுதிக் கட்டணம் செலுத்தி வரிசையில் நிற்பவரைத்தான் முன்தணிக்கை தடுக்கும். முகமற்றவனை அது ஒருபோதும் தீண்டாது. பொய்யைப் பரப்பிக் கலகம் மூட்டுபவரைத் தண்டிக்கக் குற்றவியல் சட்டம் இருக்கிறது; அவதூறுக்குத் தனிச் சட்டப்பிரிவு இருக்கிறது. அவை எழுத்துக்கும் பொருந்தும், படத்துக்கும் பொருந்தும். வெளியான பிறகு நீதிமன்றத்தில் பதில் சொல்ல எழுத்தாளர் எப்படிக் கடமைப்பட்டிருக்கிறாரோ, அப்படியே படம் எடுப்பவரும் கடமைப்பட்டிருந்தால் போதும். கருத்துச் சொல்லும் ஆவணப்படத்துக்கும் விடியோவுக்கும் முன்னனுமதி என்பதே தேவையில்லை. குழந்தைகள் பார்க்கலாமா என்பதற்கான வயது வரையறை வேறு. அதை 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஓரளவு செம்மைப்படுத்தியிருக்கிறது. ஆனால், தணிக்கை வாரியத்தின் முடிவை எதிர்த்து முறையிட இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டதால், கையில் காசில்லாத ஆவணப்பட இயக்குநர் இப்போது நேராக உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. அத்திருத்தச் சட்டம் மணிப்பூர் அமளிக்கிடையே நிறைவேறியது. இந்தக் குறையைப் பற்றி அவை விவாதிக்க அவகாசம் இருக்கவில்லை.

விடியோவை எழுத்தின் சுதந்திரத்துக்கு உயர்த்துவதற்குப் பதிலாக, எழுத்தை விடியோவின் நிலைக்குத் தாழ்த்தும் முயற்சி நடக்கிறதோ என்ற ஐயம் வலுக்கிறது. 2025 பிப்ரவரியில், பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் குழுமத்தின் இணையதளமே முடக்கப்பட்டது. அச்சித்திரத்தைத் தாற்காலிகமாக நீக்கிய பிறகு முடக்கத்தை விலக்கிக்கொள்ளுமாறு மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அச்சு இதழ் ஒன்றின் எல்லாப் பக்கங்களையும் ஒரு படத்துக்காக அரசு கைப்பற்றியிருந்தால், நாடு கொந்தளித்திருக்கும்.

ஒளிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை மசோதாவின் வரைவு 2023 நவம்பரில் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் திருத்திய வடிவம், தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரிடம் மட்டும் அடையாளக் குறியிட்ட பிரதிகளாகச் சுற்றுக்கு விடப்பட்டது. இணையத்தில் நடப்பு நிகழ்வுகள் பற்றித் தொடர்ந்து விடியோ வெளியிடும் தனிநபரையும், பெரிய தொலைக்காட்சி நிறுவனத்தைப்போலக் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் கொண்டுவரும் ஷரத்துகள் அதில் இருந்ததாகச் செய்தி வெளியாகி எதிர்ப்புக் கிளம்பியது. ஆகஸ்ட் மாதம் அப்பிரதிகள் திரும்பப் பெறப்பட்டன. விரிவான ஆலோசனைக்குப் பிறகு புதிய வரைவு வெளியாகும் என்றது அமைச்சகம்.

அப்படியொரு மசோதா அவையின் முன் வைக்கப்படும் நாளில், உறுப்பினர்கள் முதலில் தேட வேண்டியது தண்டனைப் பிரிவுகளை அல்ல. "வெளியிடுவதற்கு முன்பு' என்ற சொற்கள் எந்த ஷரத்திலாவது இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். இருந்தால், அதே ஷரத்தை நாளிதழின் தலையங்கத்துக்கும் விதிக்க அரசு தயாரா என்று அமைச்சரை எழுந்து நின்று கேட்கட்டும். அவர் சொல்லும் பதிலை, நேரடி ஒளிபரப்பு தடைபட்டாலும், மாடத்தில் இருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள்.