தாரும் வேண்டாம், பூட்டும் வேண்டாம்: வாய்க்கால் கரையைச் சைக்கிளுக்கு விடு!

ஒரு கேள்வி.

கடைசியா எப்போ, பின்னாடி ஹாரன் சத்தம் கேட்காம, ஒரு மணி நேரம் நிம்மதியா சைக்கிள் ஓட்டினீங்க?

ஞாபகம் வரலையா? அது உங்க தப்பு இல்லை. ஓட்டுறதுக்கு இடம் இல்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் உயிரிழந்தார்கள். இது ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு. ஒரு நாளைக்கு 49 பேர்!

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சைக்கிளை எந்த ரோட்டில் ஓட்டச் சொல்கிறீர்கள்? டிப்பர் லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவிலா? சைக்கிளைக் கொடுத்தீர்கள், பாதையைக் கொடுத்தீர்களா?

"பாதைக்கு நிலம் எங்கே இருக்கு?" என்று கேட்பார்கள். நிலம் எடுக்கவே வேண்டாம். பாதை ஏற்கெனவே இருக்கிறது.

ஈரோடு மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. பவானிசாகர் அணையில் தொடங்கி, ஈரோடு, திருப்பூர், கரூர் என்று மூன்று மாவட்டங்களில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது கீழ்பவானி வாய்க்கால். 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம். அணை 1955இல் கட்டி முடிக்கப்பட்டது. தண்ணீரைப் பார்த்துக்கொள்ள, மதகு திறக்க, உடைப்பு அடைக்க, கரைமேல் ஜீப் போகிற அளவுக்குப் பாதை வைத்தார்கள். மண்ணும் கிராவலும் போட்ட பாதை. பல இடங்களில் இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது.

அந்தக் கரையில் விடியற்காலை ஒருமுறை போய்ப் பாருங்க. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் தென்னையும் மஞ்சளும் நெல்லும். சத்தியமங்கலம் பக்கம் போனால் வடக்கே திம்பம் மலை கூடவே வரும். மேடு ஏறி மூச்சு வாங்கவும் வேண்டியதில்லை. தண்ணீர் தானாக ஓடுகிற மாதிரி நிலத்தின் மட்டத்தைப் பார்த்து, வளைந்து வளைந்து வெட்டிய வாய்க்கால் அது. தண்ணீருக்குச் சுலபமான வழி சைக்கிளுக்கும் சுலபம்தானே? கொடிவேரியும், நீர்ப்பறவைகள் வந்து தங்கும் வெள்ளோடு ஏரியும் இந்த வாய்க்கால் நாட்டில்தான் இருக்கின்றன. வெள்ளோடு 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறிய இடம்.

வெளிநாட்டில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: கிராவல் பைக்கிங். அகல டயர் போட்ட சைக்கிளில், கார் வராத மண் பாதையில், ஆறு, ஏரி, மலை என்று நாள் கணக்கில் போவது. நம்ம ஊரில் கிராவல் என்றால் முதலில் ஞாபகம் வருவது என்ன? ராத்திரியில் ஏரியைத் தோண்டி அள்ளிக்கொண்டு போகும் லாரி! அவர்கள் கிராவல்மேல் ஓட்டுகிறார்கள். இங்கே கிராவலையே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

உடனே சிலர் கிளம்புவார்கள். "லட்ச ரூபாய் சைக்கிள் வச்சிருக்கிற பணக்காரனுக்கு எதுக்குங்க நம்ம வாய்க்கால்?"

நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொண்டார்கள் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள். கல் குவாரிக்கு, வயலுக்கு, சந்தைக்குப் போக யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை என்று காட்டினார்கள். சைக்கிள் பணக்காரன் விளையாட்டுப் பொருள் அல்ல, உழைக்கிறவர்களின் கால். கரைப் பாதையைக் கேட்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்காக, பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகும் பெரியவருக்காக, மில்லுக்கு ஷிப்ட் போகும் பெண்ணுக்காக. லட்ச ரூபாய் சைக்கிள்காரரும் வரட்டும். அதே கரையில், அதே மண்ணில், நம்ம பிள்ளைக்குப் பின்னாடி மணி அடித்துக்கொண்டு வரட்டும்!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதுதான் ஆபத்தான கூட்டம். "வளர்ச்சி" என்று சொல்லிக் கரைக்குத் தார் போடச் சொல்வார்கள். தார் போட்டால் என்ன ஆகும்? முதல் மாதம் பைக், அடுத்த மாதம் கார், அப்புறம் லோடு லாரி. ஊரைச் சுற்றிப் போகாமல் குறுக்கே பாய ஒரு பைபாஸ் கிடைத்துவிடும். கரையோர மரம் முதலில் சாயும். பிள்ளைகள் மறுபடியும் ஓரத்துக்கு ஒதுங்குவார்கள். இந்தத் தடவை ஓரத்தில் இருப்பது தண்ணீர்!

இந்தச் சண்டை உலகத்துக்குப் புதிது இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை, பொட்டோமேக் ஆற்றை ஒட்டி சுமார் 297 கிலோமீட்டருக்கு ஒரு பழைய கால்வாய். கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகை இழுத்த காலத்தில் வெட்டியது. 1924 வெள்ளத்துக்குப் பிறகு போக்குவரத்து நின்றது. பிறகு அந்த வழியில் கார் சாலை போடத் திட்டமிட்டார்கள். வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் என்ன செய்தார் தெரியுமா? "என்னோடு கரையில் நடந்து வந்து பார், அப்புறம் எழுது" என்ற அர்த்தத்தில் ஆசிரியருக்குக் கடிதம் போட்டார். 1954 மார்ச்சில், எட்டு நாள் நடந்தார்கள். பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. கார் சாலைத் திட்டம் விழுந்தது. 1971இல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

இன்றைக்கு அந்த மண் கரையில் சைக்கிள் போகிறது. கம்பர்லாந்தில் அது பழைய ரயில் தடத்தில் போட்ட இன்னொரு சைக்கிள் பாதையோடு சேர்ந்து, மலைத்தொடரைத் தாண்டி பிட்ஸ்பர்க் வரை போகிறது. மொத்தம் 500 கிலோமீட்டருக்கு மேல்! கார் நாடு என்று பெயர் எடுத்த நாட்டிலேயே முடிகிறது. நம்ம ஊரில் முடியாதா?

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்க பயம் எங்களுக்குப் புரிகிறது. கரை உங்க உயிர். வருகிறவன் பாட்டிலை உடைத்துப் போடுவான், மதகில் கை வைப்பான், காய் பறிப்பான் என்று கவலைப்படுகிறீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்க, இன்றைக்குக் கரையில் உடைந்த பாட்டில் எங்கே கிடக்கிறது? ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தானே? நாலு பிள்ளைகள் தினமும் போய்வருகிற பாதையில் குடிகாரன் உட்கார மாட்டான், மண் திருடனும் துணிய மாட்டான். வாய்க்காலுக்குக் காங்கிரீட் போடலாமா கூடாதா என்பதில் விவசாயிகளுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அந்த வழக்கை இங்கே இழுக்கவில்லை. கரை யாருடையது என்பதில் மட்டும் இரண்டு கருத்து இருக்கக் கூடாது.

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. வாய்க்கால் கரைப் பாதையில் தார் போடாதே! கிராவல் பாதையாகவே செப்பனிட்டு, மழையில் அரித்த இடத்தை ஆண்டுதோறும் சரிசெய்.

2. காரும் லாரியும் நுழையாதபடி கல் தூண் நடு. விவசாயியின் டிராக்டர், மாட்டு வண்டி, நீர்வளத் துறை வண்டி, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு கொடு.

3. பெரிய சாலை கரையைக் குறுக்கே கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் வை.

4. பள்ளிக்கூடம் பக்கமும் வளைவுகளிலும் தண்ணீர் ஓரமாகத் தடுப்பு போடு. விழுந்தவர் ஏறி வரப் படிக்கட்டு கட்டு.

5. பவானிசாகர் சுற்றுப்புறம் யானை நடமாடும் காடு. அங்கே வனத்துறை விதிதான் விதி. காட்டுக்குள் புதுப் பாதை வேண்டாம்.

6. டிக்கெட் வேண்டாம், டெண்டர் வேண்டாம். எந்த முடிவையும் பாசன விவசாயிகள் சங்கங்களோடும் கிராம சபையோடும் பேசி எடு.

கோடி கோடியாகக் கொட்டி மேம்பாலம் கேட்கவில்லை. இருக்கிற மண்ணை மண்ணாக விடு, அதில் எங்க பிள்ளைகள் பயம் இல்லாமல் போக விடு என்றுதான் கேட்கிறோம்.

கீழ்பவானி மட்டும் இல்லை. காளிங்கராயன், பெரியாறு, பரம்பிக்குளம் ஆழியாறு, காவிரிப் படுகை என்று உங்க ஊரிலும் ஒரு கரை இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய சைக்கிளுக்குக் காற்று அடியுங்க. கரையில் ஒரு ஐந்து கிலோமீட்டர் போய்ப் பாருங்க. எங்கே உடைந்திருக்கிறது, எங்கே பூட்டியிருக்கிறது, எங்கே ஆக்கிரமிப்பு என்று ஒரு படம் எடுத்துக் கீழே பின்னூட்டத்தில் போடுங்க. அடுத்த கிராம சபையில் அதையே மனுவாக வைப்போம்.

கரை மக்களுடையது! மக்களிடமே இருக்கட்டும்!

#கரைவழி #தார்வேண்டாம் #சைக்கிளுக்குப்பாதை