பெறுநர் இருக்கிறாரா?

மூன்றாம், நான்காம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைப் புரட்டினால் ஒரே கடிதம் முப்பது கையெழுத்தில் கிடைக்கிறது. அனுப்புநர், பெறுநர், இடம், நாள், உறைமேல் முகவரி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. சுற்றுலா போய்வந்த செய்தியும் வரி மாறாமல் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கற்பனை போதாது என்பது அநியாயமான பேச்சு. அந்தக் கடிதம் யாருக்கும் போகாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் 1926-இல் தம் மலைக்கிராமத்துப் பிள்ளைகளை, நாட்டின் மறுகோடியில் பிரித்தானிக் கடலோரத்தில் இருந்த ஒரு பள்ளியோடு எழுதிக்கொள்ளச் செய்தார். தங்கள் ஊர்க்கதைகளைப் பிள்ளைகளே அச்சுக்கோத்து அனுப்பினார்கள். அக்கரையில் ஒருவர் காத்திருக்கிறார் என்றதும் எழுத விஷயம் தானாக வந்தது.

நமக்கு வாய்ப்பு இன்னும் அருகில் இருக்கிறது. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் நடுவே சுமார் 130 கி.மீ.; கல்வித்துறை ஒன்று, மொழி ஒன்று. மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பதை லாஸ்பேட்டைப் பிள்ளை பார்த்திருக்காது. மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் வரிசைகட்டி நிற்பது காரைக்கால் பிள்ளைக்குப் புதுச்செய்தி. அஞ்சலட்டை 50 காசு. அதில் ஐந்தாறு வரிதான் அடங்கும்; சின்னக் கைகளுக்கு அந்த அளவே போதும்.

முதலில் பேசவிடுங்கள். பக்கத்துப் பிள்ளையிடம் வாயால் சொன்னதை அப்படியே எழுதட்டும், வீட்டுப் பேச்சிலேயே எழுதட்டும். முதுமையில் புதுச்சேரியில் குடியேறி, 2021-இல் இங்கேயே மறைந்த கி. ராஜநாராயணன் பேச்சுத்தமிழின் வலுவிலேயே ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதினார். ஊர்த்தோழர் கு. அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்கள் இன்று நூலாக நிற்கின்றன. தோழனுக்கு எழுதியவை என்பதால்தான் அவற்றில் உயிர் இருக்கிறது. நம் பிள்ளைகளின் கடிதத்தில் ‘அம்மாச்சி’ வந்தால் அடித்து ‘பாட்டி’ ஆக்க வேண்டாம்.

சிவப்பு மை அட்டையைத் தொடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பிழை தெரிந்தால் பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்; பாதி பிழையை அதுவே பிடித்துவிடும். மீதி இருந்தால் இருக்கட்டும். முகவரியில் மட்டும் கண்டிப்பு வேண்டும், ஏனென்றால் தபால்காரர் அதைப் படித்தாக வேண்டும். பள்ளி முகவரியே போதும், வீட்டு முகவரி வேண்டாம். எழுத வராத பிள்ளை படம் வரையட்டும், அது சொல்வதை நீங்கள் கீழே எழுதிக்கொடுங்கள்.

பதில் வராத அட்டை பிள்ளையை நோகடிக்கும். எனவே இரண்டு ஆசிரியர்களும் முன்கூட்டியே பேசி, எந்த வாரம் பதில் போகும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். அக்டோபர் 9 உலக அஞ்சல் நாள். புதுச்சேரி, காரைக்கால் ஆசிரியர்களே, அதற்குள் ஆளுக்கொரு இணைப்பள்ளியைத் தேடிக்கொள்ளுங்கள்.