பரீட்சைப் பட்டியலும் பள்ளிப் பிள்ளைகளும்

அமெரிக்க தேசத்தில் இரண்டு மூன்று பள்ளிக்கூடங்களை மட்டுமே பரிபாலிக்கும் சிறிய கல்வி வட்டங்கள் பல உண்டு. அவ்வட்டங்களில் வருஷந்தோறும் பரீட்சை முடிவுகள் வெளியானவுடன், இந்தப் பள்ளி உயர்ந்தது, அந்தப் பள்ளி தாழ்ந்தது என்று ஜனங்கள் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். பெஞ்சியில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் யாரென்று விசாரியாமல் உபாத்தியாயரைக் குற்றவாளியாக்குவது எந்த நியாய ஸ்தலத்திலும் செல்லாது.

1964-ஆம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டத்தின்படி நடந்த பெரும் விசாரணையின் முடிவை ஜேம்ஸ் கோல்மன் என்னும் அறிஞர் 1966-ல் வெளியிட்டார். பிள்ளைகளின் தேர்ச்சியில் காணும் வித்தியாசத்துக்குப் பள்ளியின் கட்டடத்தையும் செலவையும்விடக் குடும்ப நிலைமையே பெரிய காரணமென்று அவ்வறிக்கை கூறிற்று. கூடப் படிப்பவர்களின் நிலைமையும் முக்கியமென்றது.

அப்படியானால் ஏழைப் பிள்ளைகளைக் கைவிட்டு, விதியென்று சும்மா இருந்துவிடலாமா? கூடவே கூடாது. 2002-ல் அமலுக்கு வந்த சட்டம், ஏழைகள், ஆங்கிலம் புதிதாய்க் கற்போர், ஒவ்வோர் இனத்தார் என்று பிரித்துத் தேர்ச்சிக் கணக்கைக் காட்டும்படி பள்ளிகளைக் கட்டாயப்படுத்தியது. 2015-ஆம் வருஷத்துச் சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை. ஏழையை ஏழையோடும், சென்ற வருஷத்துப் பிள்ளையை இவ்வருஷத்து அதே பிள்ளையோடும் ஒப்பிட்டால்தான் உபாத்தியாயரின் உழைப்பு விளங்கும். இருபது பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை தவறினாலே ஐந்து சதவிகிதம் குறைந்துவிடும் என்பதையும் சிறிய வட்டத்தார் மறத்தலாகாது.

கணக்கு நோயைக் காட்டும், மருந்து வேறு. நியூ ஜெர்ஸி ராஜ்யத்துப் பிரின்ஸ்டன் நகரில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் கறுப்பர் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளியும் இருந்தன. 1947-ல் ஏற்பட்ட ராஜ்ய அரசியல் சட்டம் இப்பாகுபாட்டை விலக்கிற்று. 1948-ல் கீழ்வகுப்புப் பிள்ளைகள் யாவரும் ஒரு பள்ளியிலும், மேல்வகுப்புப் பிள்ளைகள் யாவரும் மற்றொன்றிலும் சேர்க்கப்பட்டனர். இனம் பார்த்துப் பிரித்தது போய், வகுப்புப் பார்த்துப் பிரிப்பதாயிற்று. அதன்பின், ஒரு பள்ளி சீர்கெட்டால் எல்லாப் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் நஷ்டமல்லவா?

பெரிய நகரங்களில் தூரமும் ஜனத்தொகையும் இதற்குக் குறுக்கே நிற்கலாம். நடந்து போகும் தூரத்தில் இரண்டு பள்ளிகளை வைத்துக்கொண்டிருக்கும் சிற்றூருக்கு அந்தச் சாக்குக் கிடையாது. அங்கே பட்டியலில் தெரியும் தாழ்வுக்கு ஊரார் அனைவருமே உத்தரவாதிகள் என்பது நமது துணிபு.